நிழல் ஊருக்குப் போகிறது

ஆர்வீட்ஸ் ஜேனிஸுக்கு ஐம்பது வயதாவதற்குள் மூன்று முழு சூரிய கிரகணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து போயின. மூன்றில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. வானியல் படித்து, வானியல் சொல்லிக்கொடுத்து, வானியலாலேயே தலை நரைத்த மனிதருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

முதலாவது வந்தபோது அவர் சின்னப் பையன். முதல் பெரிய போர் தொடங்கிய அந்த ஆகஸ்ட் மாதம், லாட்வியாவின் ரீகா நகருக்கு வெளியே இருந்த அப்பாவின் பண்ணையில் எல்லோரும் கரி பூசிய கண்ணாடித் துண்டுகளோடு மேட்டில் போய் நின்றார்கள். "குதிரை மிரளும், நீ புடிச்சுக்க" என்று அப்பா அவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டார். குதிரை மிரண்டது. பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தொங்கினான். உலகம் இருண்டதும் தெரியாது, வெளுத்ததும் தெரியாது. ஆனால் மேட்டிலிருந்து இறங்கி வந்தவர்களின் முகத்தைப் பார்த்தான். ஒருவர் முகமும் ஏறிப் போன முகமாக இல்லை. நாள் முழுக்க மாட்டைத் திட்டிக்கொண்டே இருக்கும் பண்ணையாள் அன்று சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. அந்த முகங்களால்தான் தாம் வானியலுக்கு வந்ததாக ஜேனிஸ் பிறகு சொல்வார்.

இரண்டாவதற்கு அவர் உதவி ஆய்வாளராகிவிட்டார். ரீகாவிலிருந்து ஒரு சிறு குழு ஸ்வீடனின் வடகோடிக்குப் போனது. கிரகணத்துக்குப் போகிற வானியல்காரர்கள் கிரகணத்தைப் பார்ப்பார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷ இருட்டுக்காக மாதக்கணக்கில் பெட்டி கட்டிப் போவார்கள். அந்த இரண்டு நிமிஷமும் குனிந்த தலை நிமிராது. ஒருவர் நொடி எண்ணுவார், ஒருவர் படம் பதியும் கண்ணாடித் தட்டை மாற்றுவார், ஒருவர் கேமரா மூடியைத் திறந்து மூடுவார். ஜேனிஸ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு தட்டு மாற்றினார். துணியை விலக்கிப் பார்த்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, அடுத்த போர் முடிந்த கோடையில் வந்தது. அப்போது அவர் நாடு இழந்து, தெற்கு ஸ்வீடனில் ஓர் அகதி முகாமில் இருந்தார். வடக்கே போக அனுமதி கேட்டார். எதற்கு என்று கேட்டார்கள். சூரியனைப் பார்க்க என்றார். முகாம் அதிகாரி ஜன்னலைக் காட்டினார்.

இந்தக் கதைகளைக் கேட்டால் மில்டா விழுந்து விழுந்து சிரிப்பாள். முதல் இரண்டுக்குத்தான் சிரித்தாள். மூன்றாவது அவளுக்குத் தெரியாது. மில்டா அவர் மனைவி. ரீகா சந்தையில் மீன் விற்றவரின் மகள். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள்.

"ஊரே உள்ள கல்யாண விருந்து சாப்பிடுது. நீ மட்டும் ரெண்டு தடவையும் வாசல்ல குதிரையப் புடிச்சுட்டு நின்னிருக்க" என்பாள்.

கல்யாணமான கோடையில் இருவரும் தென்மேற்குக் கடற்கரையில், பாப்பே என்ற மீனவக் குப்பத்தில், அவளுடைய உறவினர் வீட்டில் தங்கினார்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஈர மணலில் குச்சியால் கணக்குப் போட்டு ஜேனிஸ் சொன்னார்: "நம்ம காலத்துல இந்தப் பக்கம் இன்னும் ஒன்னு வருது மில்டா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு, ஜூன் கடைசி நாள். மத்தியான நேரம். கடல் மேல மேற்கிலேர்ந்து ஓடி வரும்."

"இங்கயா? இந்த மணல்லயா?"

"நிழலோட ஓரம் இங்கதான் எங்கயோ போகுது. மணல்ல படுமா, ஒரு காதம் தள்ளிப் போயிடுமான்னு இப்ப சொல்ல முடியாது. நிலாவோட விளிம்பு மேடும் பள்ளமுமா இருக்கு."

"ஐம்பத்து நாலா! நான் கிழவி ஆயிருப்பேனே!" மில்டா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி, வரலாம். ஆனா ஒன்னு. பெட்டி கிட்டின்னு எதாவது தூக்கிட்டு வந்த, கடல்ல போட்டுடுவேன். நானே உன் தாடையப் புடிச்சு மேல தூக்கிக் காட்டுவேன். பாக்க மாட்டேன்னு சொல்லிப் பாரு."

அலை வந்து கணக்கை அழித்துவிட்டது. மனிதர்கள் இரண்டு வாரத்துக்கு அப்பால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத உலகத்தில், இருபத்தேழு வருஷம் தள்ளி ஒரு மத்தியானத்தை நிச்சயமாகச் சொல்ல முடிகிறதே என்று ஜேனிஸுக்கு அன்று புல்லரித்தது. அந்த மத்தியானம் வரும். யார் வருவார்கள் என்பதைத்தான் எந்த அட்டவணையும் சொல்லாது.

யுத்தத்தின் கடைசி இலையுதிர்காலத்தில், சோவியத் படை மறுபடி நெருங்கியபோது, இருவரும் மேற்குக் கரையில் படகுக்காகக் காட்டில் காத்திருந்தார்கள். படகு புறப்படும் வேளையில் மில்டா, "அப்பாவ விட்டுட்டு எனக்குக் கால் வரல. நீ ஏறு. அடுத்த படகுல அவரையும் கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள். அவர் மறுத்தார். அவள் அவரைத் தள்ளியே ஏற்றிவிட்டாள். அடுத்த படகு வரவேயில்லை.

பத்து வருஷம் ஆயிற்று. கடிதம் இல்லை, செய்தி இல்லை. வெளிநாட்டில் உறவு இருக்கிறது என்று தெரிந்தாலே சோவியத் ஆட்சியில் அங்கே வம்பு என்பதால் அவரும் எழுதவில்லை. ஸ்டாக்ஹோம் வானாய்வகம் ஒன்றில் அவருக்கு ஆவணக்காப்பு உதவியாளர் வேலை கிடைத்தது. அடித்தளத்து அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்த படத்தட்டுகளை உருப்பெருக்கியில் வைத்து விண்மீன்களின் இடத்தை அளந்து எழுதுவது. ரீகாவில் துறைத்தலைவராக இருந்தவர். அதைச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார், மறக்கவும் மாட்டார்.

அவரைத் தம் வீட்டு மனிதராகச் சேர்த்துக்கொண்டது இந்திரிகிஸ் குடும்பம். இந்திரிகிஸ் ரொட்டிக்கடைக்காரர், அவர் கடையின் கறுப்புக் கம்பு ரொட்டி இல்லாவிட்டால் ஸ்டாக்ஹோம் லாட்வியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. மனைவி ஆல்வினே கறாரானவள். ஊரில் ஒவ்வொரு கோடையும் கல்லறைத் திருநாள் உண்டு. புதைத்த இடத்தைப் பெருக்கி, வெண்மணல் தூவி, பூ வைத்து, பாதிரியார் பெயர் வாசிக்க, எல்லோரும் பாடுவார்கள். நாடு விட்டு வந்தவர்களுக்குப் பெருக்கக் கல்லறை ஏது? அதனால் ஆகஸ்டில் ஓர் ஓக் மரத்தடியில் கூடி, ஊரில் இறந்தவர்களின் பெயர்களை மட்டும் வாசிப்பார்கள். பெயர்களைச் சேகரிப்பது ஆல்வினேயின் பொறுப்பு.

"டாக்டரே, இந்த வருஷம் மில்டா பேரச் சேத்துக்கட்டுமா?" என்று ஒவ்வொரு ஜூலையிலும் கேட்பாள்.

"வேண்டாம்மா, ஆல்வினே."

"எத்தன வருஷம்தான் புருஷனாவும் இல்லாம, மனைவிய இழந்தவராவும் இல்லாம நடுவுல நிப்பீங்க? இருந்தா இருக்கா. இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு ஒரு பாட்டாவது பாட வேணாமா?"

"ஐம்பத்து நாலு வரட்டும்" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அது என்ன கணக்கு என்று ஆல்வினே எவ்வளவு துருவியும் சொல்லவில்லை.

ஐம்பத்து நாலு வந்தது. நிழலின் பாதை ஸ்வீடனின் குறுக்கே போய், கிழக்குக் கடலோரம் ஓலாந்து தீவைக் கடந்து, கடல் தாண்டிப் போவதாக இருந்தது. வானாய்வகத்தின் பேராசிரியர் எக்வால் அங்கே குழு அமைத்தார். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் அடித்தளத்துக்கே இறங்கி வந்து, ஜேனிஸின் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒளிமுடிப் படங்கள நீங்க எடுங்க. என் ஆளுங்க யாருக்கும் உங்க கை வராது. கடைசித் தட்டு, ரொம்ப நேரம் ஒளி வாங்கறது, அதுதான் உயிர். அது நல்லா வந்தா கட்டுரையில உங்க பேரு முதல்ல வரும். அப்புறம் உங்கள இந்தப் பாதாளத்துல யாரும் வெச்சிருக்க முடியாது. நிரந்தர வேலைக்கு நான் எழுதறேன்."

ஜேனிஸ் எழுந்து நின்று கைகுலுக்கினார். கைகுலுக்கிய பிறகுதான், இந்த முறையும் குதிரையைப் பிடிக்க ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று உறைத்தது. மில்டா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். ஆனால் ஐம்பது வயது தாண்டிய அகதிக்குக் கிடைத்த கடைசிக் கதவு இது. மூடிக்கொள்ள மனம் வரவில்லை.

கிரகண நாள் காலை ஒரு பேருந்து நிறைய லாட்வியர்கள் தீவுக்கு வந்து இறங்கினார்கள். 'நம்ம டாக்டர் சூரியனைப் படம் பிடிக்கிறார்' என்று இந்திரிகிஸ் ரொட்டியோடு சேர்த்து ஊர் முழுக்க விநியோகித்திருந்தார். கோடை நடுநாள் பண்டிகை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சீரகப் பாலாடைக்கட்டி மிச்சமிருந்தது, பீர் மிச்சமிருந்தது, சிலர் தலையில் காய்ந்துபோன ஓக் இலை வளையமும் மிச்சமிருந்தது. பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் வைத்துச் சுட்ட பிறை வடிவ பன்களை ஆல்வினே கூடை கூடையாக எடுத்து வந்திருந்தாள். பேராசிரியர் எக்வால் கருவிகளுக்குப் பக்கத்தில் நின்று இந்தத் திருவிழாவைக் கவலையோடு பார்த்தார். ஜேனிஸ் கூட்டத்தைக் கடற்கரைப் பாறைகளின் பக்கம் ஒதுக்கிவிட்டு, கரி பூசிய கண்ணாடிகளைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்தினார்.

"வெளிச்சம் கொஞ்சமாவது இருக்கற வரைக்கும் கண்ணாடி வழியா மட்டும் பாருங்க. முழுசா மறைஞ்சதும் கண்ணாடிய எடுத்துட்டு வெறுங்கண்ணால பாக்கலாம். கறுப்பு வட்டம், சுத்தி வெள்ளையா ஒளிமுடி. ரெண்டரை நிமிஷம்தான். கீழ குனியாதீங்க, பேசாதீங்க, சாப்பிடாதீங்க. எல்லாரும் மேல பாருங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டரே. மாதாகோயில்ல இருக்கற மாதிரி" என்றார் இந்திரிகிஸ்.

"நீங்க மாதாகோயில்ல தூங்குவீங்க" என்றாள் ஆல்வினே. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "டாக்டரே, இது இங்க முடிஞ்சதும் எங்க போகும்?"

அப்போது அவர் அந்தத் தவறைச் செய்தார். அறிவியல் கேள்விக்கு அறிவியல் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார்.

"நேரா கடல் மேல. இங்கேர்ந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, நம்ம கரையத் தொட்டுடும். பாப்பே பக்கம்."

இந்திரிகிஸ் கையிலிருந்த பன்னைக் கூடையில் திரும்ப வைத்தார்.

"அஞ்சு நிமிஷமா?"

"அதுக்கும் கம்மி."

"நமக்கு பத்து வருஷமா முடியல" என்றார் இந்திரிகிஸ். "காவல் படகு நிறுத்தாதா?" என்று சேர்த்துக்கொண்டார். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

மத்தியானம் சூரியனின் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி விழுந்தது. ஜேனிஸ் தம் கருவிக்குப் போய்விட்டார். சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி அவருடைய முக்காலி இருந்தது. எதிரே பாறைகள், அதில் அவருடைய ஜனங்கள், அதற்கப்பால் கடல். மெல்ல மெல்ல வெளிச்சம் ஒரு மாதிரியானது. சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக இருக்கும். இது அப்படியில்லை. விளக்குத் திரியை யாரோ கீழே இறக்குவதுபோல் நிறமே இல்லாமல் குறைந்தது. புல்லின் பச்சை ஈயமாயிற்று. தம் கைகளைப் பார்த்தார். வேறு யாருடையதோ போலிருந்தன. காற்று குளிர்ந்தது. அருகே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு படுத்தன.

மேற்கே வானத்தின் அடிவிளிம்பு கருத்து எழுந்தது. மழை மேகம் இல்லை. அதற்கு ஓசையும் இல்லை. தீவின் மரங்களை, காற்றாலைகளை, வேலிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு அது அவர்கள் மேல் வந்து கவிந்தது.

"இப்போ!" என்று எக்வால் கத்தினார். நொடி எண்ணுகிறவன் எண்ணத் தொடங்கினான்.

ஜேனிஸ் மூடியைத் திறந்தார், மூடினார். தட்டை எடுத்தார், தட்டைச் செருகினார். கைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. தலைக்கு மேல், முதுகுக்குப் பின்னால், வாழ்நாள் முழுதும் தேடியது திறந்து கிடந்தது. அவர் கண்ணுக்கு முன்னால் மரப்பெட்டியின் பித்தளைத் தாழ்ப்பாள். ஓரக்கண்ணில் வெள்ளிக் கோள் பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்தது. அடிவானம் சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விடிவதுபோல் சிவந்திருந்தது. இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. பிறகு கடைசித் தட்டைச் செருகி, மூடியைத் திறந்து, கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இனி சூரியன் எட்டிப் பார்ப்பதற்கு முன் மூடிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அப்போதுதான் நிமிர்ந்து பாறைகளைப் பார்த்தார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. அத்தனை பாடம் நடத்தியும், அத்தனை கண்ணாடி கொடுத்தும், பேருந்து நிறைய வந்த ஜனம் மொத்தமும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே கடலைப் பார்த்து நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஆல்வினே கூடையைக் கீழே வைத்துவிட்டு, பாறையின் விளிம்பு வரைக்கும் போயிருந்தாள். ரயில் நிலையத்தில் யாரையோ வழியனுப்ப வந்தவர்கள் போல் நின்றார்கள்.

'அடப் பாவிகளா, மேல பாருங்க' என்று சொல்ல வாயெடுத்தார். எதைத்தான் பார்க்கிறார்கள் என்று அவரும் அங்கே பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடியே இருந்துவிட்டார். கடல் மேல், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், ஊதா நிறத்தில் ஒரு பெரிய இருட்டு படுத்திருந்தது. அதன் முன்விளிம்பு ஏற்கெனவே அடிவானத்தைத் தாண்டிவிட்டது. பின்விளிம்பு இதோ, தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. அலைகளின் மேல் அது நகர்வதை அவரால் காண முடிந்தது. எந்தக் கப்பலும், எந்த விமானமும் அப்படி நகர்ந்து அவர் பார்த்ததில்லை. மலை ஒன்று சத்தமே இல்லாமல் எழுந்து ஊருக்குக் கிளம்பிப் போகிறது. யாரையும் கேட்கவில்லை. கரையில் கம்பி வேலி இருக்கிறது, துப்பாக்கியோடு காவல் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மணலில் குச்சியால் அவர் எழுதிய அதே மத்தியானம், ஒரு நாள் தவறாமல், ஒரு நாழிகை தவறாமல், சொன்ன பாதையில் சொன்ன இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு பெரியதையா இரண்டு பேர் ஈர மணலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பேசினோம் என்று நினைத்துக்கொண்டார்.

"போ" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. "போ, சீக்கிரம் போ. அவ அங்க நிப்பா."

பளீரென்று வெளிச்சம் அவர் தோளில் விழுந்தது. சேவல் ஒன்று கூவியது. மூடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் கொட்டகையில் எக்வால் தட்டுகளைக் கழுவி ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்தார். முதல் தட்டுகள் துல்லியமாக வந்திருந்தன. கடைசித் தட்டு முழுக்கக் கறுப்பு. சூரிய வெளிச்சம் பட்டு எரிந்துபோயிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் எக்வால். "மூடி சிக்கிக்கிச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பித்தளை மூடி சிக்குவது உலகத்தில் நடக்காததல்ல.

"இல்ல, பேராசிரியரே. நான் கடலப் பாத்துட்டிருந்தேன்."

எக்வாலுக்குக் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "நானும் குனிஞ்சேதான் இருந்தேன். எப்படி இருந்துது?" என்று கேட்டார்.

"எனக்குச் சொல்லத் தெரியல" என்றார் ஜேனிஸ். "ரொம்பப் பெரிசு."

கட்டுரையில் அவர் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில் வந்தது. நிரந்தர வேலை வரவில்லை. அவர் அடித்தளத்துக்கே திரும்பினார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வேறொன்றும் நடந்திருந்தது. பத்து வருஷமாக மார்பில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த இருட்டோடு கிளம்பிக் கடல் தாண்டிப் போய்விட்டது. சொன்ன நாளில் சொன்னது வந்தது, போனது, அவ்வளவுதான். பதில் வரவா போகிறது? ஜூலையில் ஆல்வினே கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்:

"இந்த வருஷம் வாசிக்கச் சொல்லும்மா. மில்டா ஜேனே." லாட்விய வழக்கப்படி ஜேனிஸின் மனைவி ஜேனே.

ஆல்வினே அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள். ஆகஸ்டில் ஓக் மரத்தடியில் பாதிரியார் பெயரை வாசித்தார். எல்லோரும் பாடினார்கள். ஜேனிஸும் பாடினார். மரத்தின் வேரடியில் ஒரு கொத்து சாமந்தியை வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

இலை உதிரத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, இந்திரிகிஸ் மாவு ஒட்டிய கையோடு ஒரு ஸ்வீடன்காரனை இழுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு ஓடி வந்தார். பின்னாலேயே மூச்சு வாங்க ஆல்வினே. வந்தவன் பெயர் ரூனே; மரம் ஏற்றும் கப்பலில் இயந்திர அறை வேலை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"சொல்லுப்பா, கடையில சொன்னத இவர்கிட்ட அப்படியே சொல்லு" என்றார் இந்திரிகிஸ்.

"நீங்கதான் சூரியனப் பாக்கற ஜேனிஸா? லாட்வியாக்காரங்க யாரக் கேட்டாலும் தெரியும்னாங்க, சேதி சொல்லி அனுப்பின அம்மா. அதான் ரொட்டிக்கடையில கேட்டேன்." அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நாங்க லாட்வியாவுல வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்துல மரம் ஏத்தப் போயிருந்தோம். அங்க மரத்த எண்ணிக் குறி போடற ஒரு அம்மா, நரைச்ச தலை, நல்ல வாய்க்காரி. எங்க கேப்டனையே வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. காவல்காரன் அந்தப் பக்கம் போனதும் ஜெர்மன்ல என்கிட்ட ரகசியமா சொன்னா. எனக்கு ஜெர்மன் அரைகுறைதான். அதனால மூணு தடவ சொல்ல வெச்சு மனப்பாடம் பண்ணேன். ஆனா சத்தியமா எனக்கு ஒன்னும் விளங்கல."

ஜேனிஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல, 'பாப்பேல கோழிங்க கூட்டுல போய் அடைஞ்சுது'ன்னா."

ஜேனிஸின் உதடு அசைந்தது. நிழல் மணலைத் தொட்டிருக்கிறது. எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாததைக் கோழிகள் சொல்லியிருக்கின்றன. அதைப் பார்க்க அவள் அத்தனை தூரம், காவல் போட்ட கரைக்கு, எப்படியோ போயிருக்கிறாள்.

"அப்புறம் கோழி போயி குதிரை வந்துது. 'இந்தத் தடவையும் குதிரையத்தான் புடிச்சுட்டு நின்னானா? இல்ல, நிமிந்து பாத்தானா?'ன்னு கேக்கச் சொன்னா. உங்ககிட்ட குதிரை இருக்கா சார்?"

ஜேனிஸ் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து வேறொன்றாக மாறியது. ஆல்வினே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடி ஆத்தாடி! உயிரோட இருக்கறவ பேரயா மரத்தடியில வாசிச்சுப் பாடிட்டோம்!" என்றாள். பிறகு தன்னையே தேற்றிக்கொள்வதுபோல், "அவளுக்கு ஆயுசு நூறு" என்றாள்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றான் ரூனே. "அவ பாக்கலையாம்."

"என்னத்த?"

"சூரியன. அங்க நின்னவங்க எல்லாரும் மேல பாத்தாங்களாம், கண்ணாடி வெச்சுட்டு. இவ மட்டும் கடைசி வரைக்கும் கடலயே பாத்துட்டு நின்னாளாம். 'அது அவன் பக்கத்துலேர்ந்துதானே வந்துது. அதனால நான் மேல பாக்கவே இல்ல, கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு'ன்னா." அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். சொல்ல வேண்டியதில் கடைசி ஒன்று மிச்சமிருப்பது நினைவு வந்து மறுபடி கழற்றினான். "ஆங். அடுத்தது எப்பன்னு கேட்டா. பனி உருகினதும் நாங்க மறுபடி அங்க போறோம். என்ன சொல்லட்டும்?"

ஜேனிஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். இந்திரிகிஸ் அவர் முதுகில் மாவுக் கையை வைத்தார். கறுப்புக் கோட்டில் ஐந்து விரலும் பதிந்தது. சற்றுக் கழித்து ஜேனிஸ் எழுந்து, அலமாரியிலிருந்து அட்டவணைப் புத்தகத்தை எடுத்தார். உண்மையில் அவருக்கு அது தேவையில்லை. எல்லாம் மனப்பாடம். ஆனாலும் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்து, ஒரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"நானும் பாக்கலன்னு சொல்லு, தம்பி. குதிரையும் புடிக்கல. நானும் கடலத்தான் பாத்துட்டிருந்தேன்."

"சரி சார். கடல்."

"அடுத்தது அறுபத்து ஒன்னு, பிப்ரவரி மாசம் நடுவுல. காலையில இத்தாலிக்கு வருது. நான் எப்படியாவது அங்க போய் நிப்பேன். அங்கேர்ந்து கருங்கடலத் தாண்டி கிரிமியாவுக்குப் போகும். அதுவும் சோவியத் நாட்டுக்குள்ளதான். ரயில் ஏறிப் போக அவளுக்கு அனுமதி கிடைக்கும். அங்க வந்து நிக்கச் சொல்லு."

ரூனே விரல் விட்டு எண்ணினான். "சார், அது இன்னும் ஆறேழு வருஷம் இருக்கே?"

"இருபத்தேழு வருஷம் காத்திருந்தவங்கப்பா நாங்க" என்றார் ஜேனிஸ். "இந்தத் தடவையாவது ரெண்டு பேரும் மேல பாக்கணும்னு சொல்லு. கண்டிப்பா சொல்லு."

ரூனே உதட்டுக்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்யத் தொடங்கினான்: இத்தாலி, கருங்கடல், கிரிமியா, மேலே பார்க்கணும். ஆல்வினே இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினாள்.

"மேல எங்க பாக்கப் போறீங்க ரெண்டு பேரும்" என்றாள்.